ஏழு வாரம் கழித்துச் சொன்ன ‘முடியாது’

நூல்களுக்குப் பிரதி செம்மை செய்வதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஓர் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுப் பிறகு தனியாகச் செய்யத் தொடங்கினேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலையைக் காட்டிலும் வேலையை ஒட்டி வரும் கோரிக்கைகள் அதிகம். கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், அணிந்துரை எழுத வேண்டும், போட்டிக்கு நடுவராக இருக்க வேண்டும், பயிலரங்கில் ஒரு மணி நேரம் பேச வேண்டும், வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று வாரத்திற்கு மூன்று நான்காவது வந்து சேரும். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், கேட்கும் காரியங்களும் நல்லவை. சிக்கலே அதுதான். தகாத கோரிக்கையை மறுக்க எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. நல்ல கோரிக்கையை மறுக்கத்தான் பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது.

அதைக் கற்றுக்கொண்டது ஓர் அணிந்துரையால். முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிடவிருந்த ஓர் இளைஞர், “நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் அக்கா” என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். அப்போது என் கையில் இரண்டு பெரிய மொழிபெயர்ப்புகள் இருந்தன; எழுத முடியாது என்பது அந்த மின்னஞ்சலைப் படித்து முடிக்கும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் புத்தகம், ஆசையாகக் கேட்கிறார், முகத்தில் அடித்தாற்போல எப்படிச் சொல்வது என்று நினைத்து, “பார்க்கிறேன் தம்பி, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்” என்று பதில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து நினைவூட்டினார், மறக்கவில்லை என்றேன். மேலும் இரண்டு வாரம் கழித்துக் கேட்டார்; இந்த வாரக் கடைசிக்குள் என்றேன். ஏழாவது வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தபோதுதான் முடியாது என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. நூலின் உட்பக்கங்களை வடிவமைத்து முடித்து, 16 பக்கப் படிவக் கணக்கில் என் அணிந்துரைக்கென்று நான்கு பக்கங்களைக் காலியாக விட்டு, அச்சகத்தை அவர் ஐந்து வாரமாக நிறுத்தி வைத்திருந்தார் என்பதும் அந்த உரையாடலில்தான் தெரியவந்தது. அவர் கோபப்படவில்லை. “முதல் வாரமே சொல்லியிருந்தால் வேறு யாரையாவது கேட்டிருப்பேனே அக்கா” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தள்ளிப்போட்டதாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது பொய். எனக்கு ஒரு மாலைப்பொழுது சங்கடமாகிவிடக் கூடாது என்பதற்காக அவருடைய ஏழு வாரங்களை எடுத்துச் செலவழித்திருந்தேன்.

புறநானூற்றின் 196-ஆம் பாட்டு அன்றிரவு நினைவுக்கு வந்தது. பரிசில் தராமல் நாளை நீட்டித்துக்கொண்டிருந்த பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் ஆவூர் மூலங்கிழார் பாடியது அது. தன்னால் இயல்வதை இயலும் என்று சொல்லிக் கொடுப்பது, இயலாததை இல்லை என்று மறுப்பது ஆகிய இரண்டையும் அவர் நட்பின் பாற்பட்டவை என்று ஒரே தட்டில் வைக்கிறார். இயலாததை இயலும் என்பதும் இயல்வதை இல்லை என்பதும் கேட்டு வந்தவரை வாட்டுவதோடு, கொடுப்பவரின் புகழையும் குறைக்கும் வழிகள் என்கிறார். மாணவியாக இருந்தபோது பரிசில் கிடைக்காத புலவரின் மனக்குறையாக மட்டுமே இதைப் படித்திருந்தேன். நன்மாறனின் இடத்தில் நின்று படித்தது அன்றுதான். அவர் வரிசைப்படுத்தும் நான்கில் மூன்றாவது நான் செய்தது. அதையும் வெளிப்படையாகச் செய்யாமல் ‘பார்க்கிறேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்று செய்திருந்தேன்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட முதல் ஒழுங்கு, எந்தக் கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்பிவிடுவது. ஏற்பதா மறுப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய முடியாவிட்டால், எந்த நாளில் முடிவைச் சொல்வேன் என்பதையாவது எழுதிவிடுகிறேன். “வியாழக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுகிறேன், அதற்குள் நீங்கள் வேறொருவரை முடிவு செய்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை” என்பது அதற்கான வாக்கியம். பிற்பாதியைப் பிற்காலத்தில்தான் சேர்த்தேன். அது இல்லாதபோது கேட்டவர் எனக்காகக் காத்திருக்கக் கடமைப்பட்டவராகிவிடுகிறார். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடுபவர்களுக்காகக் ‘கோப்’ என்னும் பதிப்பு நெறிமுறைக் குழு வகுத்திருக்கும் நெறிகளிலும், மதிப்பீட்டை ஏற்க இயலாதவர்கள் குறிப்பாக நியாயமான காலத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. ஏற்பவரின் தாமதத்தைவிட மறுப்பவரின் தாமதம் கேட்டவருக்கு அதிகம் கெடுதல் செய்கிறது என்பதைப் பதிப்புத் துறை தன் அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

வேகத்துக்கு அடுத்தது சொல். நம் மொழியில் மறுப்பைச் சொல்லாமல் சொல்வதற்கு எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பார்க்கலாம், பார்ப்போம், முயல்கிறேன், சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன், சூழல் எப்படி அமைகிறதோ, வாய்ப்பிருந்தால் கட்டாயம். சொல்பவர் இவற்றை ‘இல்லை’ என்ற பொருளில் சொல்கிறார். கேட்பவர், அவருக்கு வேண்டியது ‘ஆம்’ என்பதால், அதைத்தான் கேட்டுக்கொள்கிறார். நேரில் பேசும்போது குரலும் முகமும் உதவுவதால் ‘பார்க்கலாம்’ என்பதன் பொருள் ஓரளவு பிடிபட்டுவிடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது.

இதை நான் ஓர் அழைப்பிதழில் கற்றேன். ஒரு பயிலரங்கிற்கு அழைத்திருந்தார்கள். நான் அனுப்பிய பதில் இன்னும் என் அனுப்பிய அஞ்சல்களில் கிடக்கிறது: “தங்கள் அழைப்பு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. இத்தகைய பயிலரங்குகள் இன்றைய தேவை. அன்றைக்கு வேறு பணிகள் இருப்பினும், சூழல் ஒத்துழைத்தால் கலந்துகொள்ள விழைகிறேன்.” அருமையாக மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து என் நிழற்படத்துடன் அச்சிட்ட அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது அமர்வு என்னுடையது. அமைப்பாளரை அழைத்துக் கேட்டேன். “நீங்கள்தானே மேடம் விழைகிறேன் என்று எழுதியிருந்தீர்கள்?” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. முப்பது ஆண்டுகளாக மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்துகிறவள், இரண்டு பொருள் தரும் ஒரு வாக்கியத்தைத் தன் சொந்தக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். போனேன், அரைகுறைத் தயாரிப்போடு பேசினேன். கேட்டவர்கள் பொறுமைசாலிகள்.

ஆகவே, மறுக்கும் வினைச்சொல்லை நான் இப்போது மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறேன். ‘இயலவில்லை’ என்று எழுதினால் இன்று இயலவில்லை, நாளை இயலக்கூடும் என்ற ஒலி அதில் இருக்கிறது. மறுவாரம் இன்னொரு நினைவூட்டல் வரும். ‘இயலாது’ என்பது கதவை மூடுகிறது, ஆனால் அறிமுகமில்லாதவருக்கு எழுதும்போது சற்று விறைப்பாகத் தெரிகிறது. ‘விருப்பமில்லை’ உண்மையாக இருந்தாலும், கேட்டவரின் காரியத்தையே மதிப்பிட்டுத் தள்ளியதுபோல ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது ‘வருவதற்கில்லை’, ‘எழுதுவதற்கில்லை’ என்ற அமைப்பு. அதில் ஐயத்துக்கு இடமில்லை, ‘நான்’ என்ற முறைப்பும் இல்லை. பழைய கடிதங்களில் நிறையப் பார்க்கலாம்; இப்போது ஏனோ குறைந்துவிட்டது.

அந்த வினை கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதும் என் வழக்கம். அண்மையில் அனுப்பிய ஒன்றை, ஆளின் அடையாளம் நீக்கி அப்படியே தருகிறேன். “வணக்கம். அக்டோபர் பயிலரங்கில் மெய்ப்புத் திருத்தம் பற்றிப் பேச அழைத்தமைக்கு நன்றி. இந்த முறை நான் வருவதற்கில்லை. ஒப்புக்கொண்ட இரண்டு நூல்களை முடிக்கும்வரை வெளி நிகழ்ச்சிகளை ஏற்பதில்லை என்று இருக்கிறேன். நிறுத்தக்குறிகளுக்கென்றே ஓர் அமர்வு ஒதுக்கியிருப்பதைப் பார்த்தேன்; பலரும் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி அது. பயிலரங்கு சிறப்பாக அமைய வாழ்த்துகள்.” முதல் வாக்கியத்தில் மாதமும் தலைப்பும் இருப்பதால், அழைப்பைப் படித்துவிட்டே மறுக்கிறேன் என்பது தெரியும். நிறுத்தக்குறி பற்றிய வாக்கியம் வெறும் புகழ்ச்சியாக இருந்திருந்தால் வெட்டியிருப்பேன். அவர்களின் நிரலை உண்மையில் திறந்து பார்த்ததால் எழுதினேன். ‘மன்னிக்கவும்’ என்ற சொல் இதில் இல்லை என்பதைச் சிலர் கவனிக்கக்கூடும். ஓர் அழைப்பை ஏற்காதது பிழை இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை அணிந்துரை இளைஞரிடம் சொன்னதைப் போன்ற தருணங்களுக்கு வைத்திருக்கிறேன்.

காரணம் சொல்ல வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு காரணம் போதும், அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும், அது இல்லையென்றால் காரணமே வேண்டாம். மூன்று காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் மற்றதைப் பலவீனப்படுத்துகிறது. உடல்நலமும் சரியில்லை, வேலையும் இருக்கிறது, ஊரிலும் இருக்க மாட்டேன் என்று ஒருவர் எழுதினால் எந்த ஆசிரியரும் புருவத்தை உயர்த்துவார். பொய்க் காரணத்தின் தொல்லை வேறு வகையானது: அது தீர்ந்துவிடக்கூடியது. ஒரு கலந்துரையாடலில் பங்கேற்க எனக்கு மனமில்லை. தலைப்பில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பதே உண்மை. அதை எழுதக் கூச்சப்பட்டு, “அந்தச் சனிக்கிழமை வேறு வேலை இருக்கிறது” என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: “உங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.” நான்கு பேருடைய நாட்குறிப்பை என் ஒரு பொய் மாற்றியிருந்தது. அன்றிலிருந்து, “இந்தத் தலைப்பில் கேட்பவர்களுக்குப் பயன்படும்படி என்னிடம் எதுவும் இல்லை” என்று எழுதக் கூச்சப்படுவதில்லை. வியப்பு என்னவென்றால், இந்த வாக்கியத்துக்கு இதுவரை யாரும் மறுவாதம் செய்ததில்லை.

‘நேரமில்லை’ என்பது எல்லாரும் எடுக்கும் காரணம். மிக நலிந்ததும் அதுவே. கிராண்ட் டொனலி, ஆஷ்லி வில்லன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அழைப்பை மறுப்பவர்கள் பணமில்லை என்று சொல்லும்போதும் நேரமில்லை என்று சொல்லும்போதும் கேட்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். நேரமில்லை என்பவர்மீது நம்பிக்கை குறைவாக இருந்தது. பணத்தைவிட நேரம் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருப்பது என்று மனிதர்கள் கருதுவதே காரணம். என் அனுபவமும் அதுதான். நேரமில்லை என்றால், உனக்கு ஒதுக்க நேரமில்லை என்று காதில் விழுகிறது. அதனால், நேரம் எதற்குப் போய்விட்டது என்பதை ஒரு சொல்லில் காட்டுகிறேன். “ஒப்புக்கொண்ட இரண்டு நூல்கள்” என்று மேலே எழுதியிருப்பது அதற்காகத்தான். வேறொருவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அதைக் காரணமாகச் சொல்கிறவர் தமக்குக் கொடுக்கும் சொல்லையும் காப்பாற்றுவார் என்றுகூடச் சிலர் எண்ணுகிறார்கள்.

இத்தனை எச்சரிக்கையும் தேவையற்றுப் போகும், தொடக்கத்திலேயே கணக்கு சரியாக இருந்தால். நான்கு மாதம் தள்ளி இருக்கும் ஒரு நாளைக் காட்டிக் கேட்கும்போது அந்த மாதம் முழுவதும் காலியாகத்தான் தெரிகிறது. பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடித்துவிடுவோம் என்று கணித்தார்கள். உண்மையில் எடுத்தது 55.5 நாள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன 48.6 நாளைவிடவும் அது அதிகம். இதைப் படித்தபோது மாணவர்களைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு ஒரு நோட்டில், ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் இடப்பக்கம் என் மதிப்பீட்டையும் வலப்பக்கம் உண்மையில் போன மணி நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். அணிந்துரைக்கு இடப்பக்கம் ‘ஒரு பகல்’ என்று இருக்கிறது. வலப்பக்கம், தொகுப்பைப் படிக்க மூன்று மாலை, எழுத ஒரு பகல், அடித்துத் திருத்த இரண்டு மாலை, ஆசிரியர் ஒரு வரியை மாற்றித் தரக் கேட்டதற்கு இன்னொரு மாலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு வலப்பக்கத்தில் இரண்டு நாள். இப்போது கோரிக்கை வந்தால் முதலில் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, நோட்டின் வலப்பக்கத்தைப் பார்க்கிறேன். எந்தத் தத்துவத்தையும்விட இந்த நோட்டுதான் எனக்கு மறுக்கச் சொல்லிக்கொடுத்தது.

சில குறுக்கு வழிகளையும் முயன்று கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். மறுக்க மனமில்லாமல், அவர்களாகவே விலகிப் போகட்டும் என்று ஒரு மொழிபெயர்ப்புக்கு வழக்கமான கட்டணத்தைப்போல இரு மடங்கு கேட்டேன். ஒரு மணி நேரத்தில் சம்மதம் வந்துவிட்டது. எனக்குப் பிடிக்காத பொருளில் நானூறு பக்கத்தை ஏழு மாதம் மொழிபெயர்த்தேன். பணம் வந்தது என்பதைத் தவிர அந்த ஏழு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் கட்டணமாகவே இருக்கட்டும், அதை மறுப்பின் மாறுவேடமாக அனுப்பக் கூடாது.

இன்னொன்று, பாதி ஏற்பு. முழுக் கைப்பிரதியைப் படிக்க முடியாது, முதல் 20 பக்கத்தை மட்டும் படித்துத் தருகிறேன் என்று சொல்வது நல்ல வழி. பலருக்கு அந்த 20 பக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆனால் வேலி சரியாகப் போட்டிருக்க வேண்டும். எத்தனை பக்கம், எந்த நாளுக்குள், எழுத்தில் கருத்தா தொலைபேசியிலா, திருத்திய பிறகு மறுபடி பார்ப்பேனா மாட்டேனா என்ற நான்கையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். நான்காவதை எழுத மறந்த ஒரு முறை, அதே 20 பக்கத்தை ஐந்து முறை படித்தேன்.

மாற்று ஆளைச் சொல்வதிலும் பிழை செய்திருக்கிறேன். நல்ல மனத்தோடுதான், இளைய சகா ஒருவரின் எண்ணை அவரைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். என் பெயரைச் சொல்லி அழைத்தவர்களிடம் அவரால் மறுக்க முடியவில்லை; என் சுமை அவர் தலையில் ஏறியது. இரண்டு மாதம் கழித்து வேறு பேச்சுக்கிடையில், “அக்கா, நீங்கள் அனுப்பிய ஆட்கள் என்பதால் செய்தேன்” என்றார். இப்போது முதலில் அவரிடம் கேட்கிறேன். அவர் சரி என்றால் மட்டுமே பெயர் போகும். அதற்கு ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் வேலை செய்தபோது மறுப்பது இன்னும் வேறு மாதிரி இருந்தது. மேலிருந்து வரும் வேலையை ‘வருவதற்கில்லை’ என்று சொல்லித் தள்ள முடியாது. அங்கே எனக்குப் பயன்பட்டது ஒரு கேள்வி: “இதை இன்று எடுத்துக்கொள்கிறேன் சார். கையிலிருக்கும் மூன்றில் எதைப் பின்னால் வைக்கலாம்?” முடிவு அவர் கையில் போய்விடுகிறது, பாதி முறை அவரே, “அப்படியானால் இதை வேறு யாரிடமாவது கொடுக்கிறேன்” என்பார். இதைக் குத்தலாகக் கேட்கக் கூடாது, உண்மையான ஐயமாகக் கேட்க வேண்டும். குரலில் ஒரு இழை மாறினாலும் காரியம் கெட்டுவிடும்.

ஆனால் அந்தக் கேள்வியால் தீராத ஒன்று இருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது, விடைபெறுபவருக்குப் பரிசு ஏற்பாடு செய்வது, புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுவது ஆகியவை ஆறு ஆண்டுகளும் எங்கள் பிரிவின் இரண்டு பெண்களிடமே வந்தன. யாரும் உத்தரவு போட்டதில்லை. ‘யார் எழுதுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு எல்லாரும் மேசையைப் பார்ப்பார்கள், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானோ அவரோ கையை உயர்த்துவோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். யாராவது ஒருவர் முன்வந்தே ஆக வேண்டிய, ஆனால் முன்வருபவருக்கு லாபம் குறைவான ஒரு காரியத்தை ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் வைத்தபோது பெண்கள் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழுக்களைப் பிரித்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. அப்படியானால் அது பெண்களின் இயல்பான தாராளம் இல்லை; அவர்கள்தாம் செய்வார்கள் என்று அறையில் இருக்கும் எல்லாரும், அவர்கள் உட்பட, எதிர்பார்ப்பதன் விளைவு. இதை முன்பே அறிந்திருந்தால், கையை உயர்த்தாமல் இருப்பதோடு நிற்காமல், “பெயர் வரிசைப்படி முறை வைத்துக்கொள்வோம்” என்று முதல் ஆண்டிலேயே சொல்லியிருப்பேன். தனியாக மறுப்பதைவிட முறையை மாற்றச் சொல்வது அந்த இடத்தில் எளிது.

பரிந்துரைக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. என்னால் மனமுவந்து எழுத முடியாதவருக்கு எழுதாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று நம்புகிறேன். இரண்டு பத்தியில் வெதுவெதுப்பாக எழுதிய கடிதத்தைப் படிப்பவர்கள் அதைக் குறைகூறலாகவே எடுத்துக்கொள்வார்கள். “உங்கள் வேலையை நெருக்கத்தில் பார்த்த ஒருவர் எழுதினால்தான் உங்களுக்குப் பயன், நான் பார்த்தது குறைவு” என்பது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கிறது.

அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், தாம் செய்ய இயலாதவற்றை அஞ்சலட்டையில் பட்டியலாகவே அச்சிட்டு வைத்திருந்தார். கைப்பிரதி படிப்பது, அணிந்துரை எழுதுவது, போட்டிக்கு நடுவராவது, நேர்காணல் கொடுப்பது என்று நீளும் அந்தப் பட்டியலில், கேட்கப்பட்டதற்கு நேரே ஒரு குறி போட்டு அனுப்பிவிடுவார். முதலில் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. ஆனால் முதல் நூலை எழுதிய ஒருவருக்கு அதை அனுப்ப எனக்கு மனம் வராது. நான் எடுத்துக்கொண்டது அதன் கருவை மட்டும்: ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், காரியத்தைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. நடுவர் பொறுப்பு ஏற்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு அணிந்துரைக்கு மேல் எழுதுவதில்லை. “நான் ஏற்பதில்லை” என்று சொல்லும்போது, ஏன் எனக்கு மட்டும் என்ற கேள்வி எழுவதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. மூத்த நண்பர் ஒருவர் கேட்டபோதும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சில மாதம் பேசவில்லை. யாருக்காவது விலக்குக் கொடுத்திருந்தால், முன்பு நான் மறுத்த எல்லாரிடமும் பொய் சொன்னதாக ஆகியிருக்கும்.

மறுத்த பிறகும் விடாமல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது பதில் முதலாவதைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும் என்பது நான் கண்ட வழி. புதிய காரணத்தைச் சேர்த்தால், முதல் காரணம் தோற்றுவிட்டது என்று பொருளாகிவிடும். “மீண்டும் கேட்டமைக்கு நன்றி. என் முடிவில் மாற்றமில்லை.” மூன்றாவது முறைக்கு நான் பதில் எழுதுவதில்லை.

ஏற்றுக்கொண்டுவிட்டுப் பின்வாங்க நேர்வதுதான் இருப்பதிலேயே கடினம். ஒரே ஒருமுறை, நூறு பக்கம் மொழிபெயர்த்த நிலையில், வீட்டில் ஒருவருக்கு நீண்டகால நோய் என்று தெரிந்தபோது, ஒரு நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. மூன்று நாள் மின்னஞ்சலை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அதை மூடிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன், முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். முடித்த பக்கங்களையும் நான் தொகுத்து வைத்திருந்த கலைச்சொற் பட்டியலையும் அன்றே அனுப்பினேன். முன்பணத்தில் செய்யாத பகுதிக்கானதைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பதிப்பாசிரியர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கலைச்சொற் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது?” என்றார். அவருக்கு அப்போது என் வருத்தம் தேவைப்படவில்லை, பட்டியல் தேவைப்பட்டது.

அணிந்துரை இளைஞர் நான்கு ஆண்டுக்குப் பிறகு மீண்டும் எழுதினார். இரண்டாவது தொகுப்பு, இந்த முறையும் அணிந்துரை. அந்த ஆண்டுக்கான இரண்டையும் நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்தது மாலை ஆறு மணிக்கு. இரண்டு தொகுப்புகளையும் படித்திருந்த ஒரு விமர்சகரை அழைத்து, பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லலாம் என்றார். ஒன்பது மணிக்குள் ஐந்து வரியில் பதில் அனுப்பினேன்: அழைத்தமைக்கு நன்றி, இந்த ஆண்டு எழுதுவதற்கில்லை, சென்ற முறை நான் உங்களைக் காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கவும், இவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை அவருடைய பதில் வந்தது. “நன்றி அக்கா” என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அந்த விமர்சகர் தம் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதுவாரா ஆங்கிலத்திலா, அட்டையில் போட வேண்டும், இன்றே தெரிந்தால் நல்லது என்று ஒரு கேள்வி.